சுவரில் தொங்கிய திருட்டுத் துப்பாக்கி

ஆயுதக் கிடங்கில் மிச்சமிருந்த திரீ நாட் திரீ ரைஃபிள்களையெல்லாம் பெட்டியில் அடைத்து அனுப்பப் போகிறோம், கடைசியாக ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று சேலத்திலிருந்து போன் செய்தார்கள். போனேன். காவல்துறையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். துப்பாக்கியைச் சுடுவது மற்றவர்கள் வேலை. அதைக் கழற்றுவது, துடைப்பது, பழுது பார்ப்பது, இனி உதவாது என்றால் உதவாது என்று எழுதிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது.

பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த இப்போதைய ஆர்மரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் கேட்டார்.

“ஏனுங்கய்யா, உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத துப்பாக்கின்னா எதுங்க?”

காட்டில் யாரையோ துரத்திப் போன கதை வரும் என்று எல்லோரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள். “நான் பொறக்கறதுக்கு முன்னாலயே சுடறதை நிறுத்திட்ட துப்பாக்கிங்க அது. ஏற்காட்டுல ஒரு பங்களாச் சுவத்துல தொங்கிட்டிருந்தது” என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அதற்குள் லாரி வந்துவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. அவர்களுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் போலீஸில் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு மில் வேலைக்குக் காத்திருந்து சலித்துப்போய்ச் சேர்ந்தவன். கவாத்து மைதானத்தில் என் கால் மட்டும் தனித் தாளத்தில் போகும். ஒரு நாள் சிக்கிக்கொண்ட ரைஃபிள் போல்ட் ஒன்றை நான் எடுத்துவிட்டதைப் பார்த்த இன்ஸ்பெக்டர், “இவன் காலை விட்டுருங்க, கையை வெச்சுக்கலாம்” என்று ஆர்மரர் பயிற்சிக்கு அனுப்பினார். அவ்வளவுதான் என் படிப்பு. அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே கிடங்கு, ஒரே எண்ணெய் வாசனை, ஒரே மாதிரி ரைஃபிள்கள். கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவேன். இந்த வேலையில் இனி ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் ஏற்காட்டிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. வாழவந்தி போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவில் பழைய பட்டாளத் துப்பாக்கிகள் சுவர் நிறையத் தொங்குகின்றன. வீட்டுக்காரர் கிரேஸ் டீச்சர். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், திருமணம் செய்துகொள்ளாதவர். அவருடைய அப்பா அந்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். வெள்ளைக்காரத் துரைகள் ஊரை விட்டுப் போனபோது பங்களாவையும் அதிலிருந்த சாமான்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டார். துப்பாக்கிகளுக்கு அவர் பெயரில் இருந்த அனுமதி அவர் காலத்தோடு போய்விட்டது. அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க டீச்சர் விரும்பினார். எது சுடக்கூடிய ஆயுதம், எது வெறும் பழம்பொருள் என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். சுடக்கூடியதாக இருந்து, அதுவும் பட்டாளம் இன்னும் பயன்படுத்தும் அளவாக இருந்துவிட்டால், டீச்சர் மேல் வழக்கு வரும்.

இதற்காகத் தடய அறிவியல் கூடத்திலிருந்து திலகவதி மேடம் வந்தார். அவருக்குக் கை உதவிக்கு என்னை அனுப்பினார்கள்.

மேடத்துக்கு ஊர் கோபிப் பக்கம். என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருப்பார். ஒல்லியான உருவம், கைத்தறிச் சேலை, காலில் கேன்வாஸ் ஷூ. ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொள்வோம், அவர் தன் பையைப் பிடித்துக்கொள்வார். அதில் ஒரு டார்ச், ஒரு பூதக் கண்ணாடி, தையல்காரர் டேப், காந்தத் துண்டு, பழைய வேட்டித் துணி. இவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம்.

பங்களாவில் காப்பி கொடுத்தார்கள். மேடம் குடித்து முடித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உலர்த்தினார். கை ஈரத்தோடு பழைய இரும்பைத் தொட்டால் மறுநாளே விரல் அடையாளம் துருவாக எழும்பும் என்றார். சாப்பாட்டு மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்லி, கம்பளி விரித்து, ஒவ்வொரு துப்பாக்கியாக இறக்கச் சொன்னார். குழலின் வாய் எப்போதும் கல் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். நூறு வருஷம் தூங்கியதாக இருந்தாலும் சரி.

முதலில் இறங்கியதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. விசைக்குக் கீழே நீளமான நெம்புகோல் வைத்தது. “இது மார்ட்டினி–” என்று ஆரம்பித்தேன். மேடம் ஒரு விரலை உயர்த்தினார்.

“பேரைக் கடைசியா வெச்சுக்கலாமுங்க ஆர்மரர். பேரு தெரிஞ்சுட்டா அப்புறம் கண்ணு பாக்காதுங்க.”

இதுதான் அவருடைய முறை. முதலில், உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அடுத்து நீளம், குழலின் உள்வாய் அளவு. பிறகு மரம். பிறகு திருகாணிகள், அவற்றின் தலையில் வேறு யாராவது கை வைத்த கீறல் இருக்கிறதா என்று. முத்திரைகள் கடைசிக்கு முன்னால். பெயர் கடைசியில். ஒரு துப்பாக்கிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். அவசரப்படுத்தினால் கோபிக்க மாட்டார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் யாரும் அவசரப்படுத்துவதில்லை.

மார்ட்டினி என்ற அந்த வெள்ளைக்காரப் பட்டாளத் துப்பாக்கியில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே உருவத்தில் இரண்டு வகை உண்டு. ஆதியில் வந்தது பெரிய ஈயக் குண்டு போடுவது, அதற்கான தோட்டா இன்று எங்கும் கிடைக்காது. பின்னாளில் சிலவற்றுக்குக் குழலை மாற்றி, எங்கள் திரீ நாட் திரீ தோட்டா போகும்படி செய்தார்கள். அதைத் தனி ஆள் வைத்திருக்கக் கூடாது. வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நான் கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்த திரீ நாட் திரீ அளவுக் கம்பியை மேடம் குழல் வாயில் விட்டார். அது அகலமான கிணற்றில் போட்ட வாளி மாதிரி இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு இறங்கியது.

“பழசுதானுங்க” என்றார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கிரேஸ் டீச்சர் கேட்டார். “அப்ப நான் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லைங்களா?”

“இதுக்காகப் போக வேண்டாமுங்க. இன்னும் சுவத்துல நெறைய இருக்குதே” என்றார் மேடம். சிரிக்காமல்தான் சொன்னார். டீச்சர்தான் சிரித்தார். இரண்டு பேருக்கும் அப்போதே ஒத்துப்போய்விட்டது. அதன் பிறகு டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். இந்தக் கிரீடம் எதுக்கு? இந்த அம்புக் குறி யாருடையது? பக்கவாட்டில் கதவு மாதிரி திறக்கிறதே, அதற்கு முன்னால் எப்படி அடைத்தார்கள்? கேட்கக் கேட்க எனக்கும் ஆசை வந்தது. கிடங்கில் நான் பார்த்த துப்பாக்கிகளுக்கு எண் மட்டும்தான் உண்டு. இவற்றுக்கு ஒரு பிறப்பும் வளர்ப்பும் இருந்தன.

மற்றவை முடிந்து சுவரின் நடுவுக்கு வந்தோம். அங்கே, கணப்புக்கு மேலே, இரண்டு நீளமான துப்பாக்கிகள் பெருக்கல் குறி மாதிரி மாட்டப்பட்டிருந்தன. இரண்டும் வாய் வழியாக வெடிமருந்து அடைக்கும் பழைய வகை. டீச்சர் அவற்றைக் காட்டி ஒரு கதை சொன்னார். அவர் அப்பா வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொன்ன கதை.

முதல் துரை எஸ்டேட் முதலாளிகள் சேர்ந்து வைத்திருந்த தொண்டர் படையில் இருந்தவர். படையிலிருந்து ஒரு ஜோடித் துப்பாக்கி வாங்கி வைத்திருந்தார். அதில் ஒன்று ஒரு நாள் காணாமல் போனது. வெகு நாள் கழித்து, கீழே மலைக் கிராமத்தில் பொன்னன் என்ற வேட்டைக்காரனின் கையில் அதைப் பார்த்தார்கள். பிடுங்கிக்கொண்டு, அவனைச் சிறைக்கு அனுப்பினார்கள். துப்பாக்கி ஜோடியோடு சேர்ந்தது.

“வலப்பக்கம் இருக்கறதுதாங்க திருட்டுத் துப்பாக்கி. நாங்க அப்படித்தான் சொல்றது” என்றார் டீச்சர்.

அதை இறக்கி மேசையில் வைத்தேன். இந்த வகைக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் முறை எளிது. ஒரு சவுக்குக் குச்சியை வாய் வழியாக முட்டும் வரை விட வேண்டும். வாய் விளிம்பில் குச்சியின் மேல் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பிறகு வெளியே எடுத்து, குழலின் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். குழலின் அடிப்பக்கம் வரை போயிருந்தால் காலி. இதில் குச்சி நான்கு விரல் அளவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. இன்னொரு தடவை விட்டுப் பார்த்தேன். அதே இடம்.

“மேடம், நிக்குதுங்க” என்றேன்.

மேடம் என் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். “எல்லாரும் இந்தப் பக்கம் வந்துருங்க” என்றார் மெதுவாக.

கரி மருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை காலமானாலும் சாகாது. டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “என் அக்கா பசங்க லீவுக்கு வந்தா இதைத் தோள்ல வெச்சுக்கிட்டு ஓடுவாங்களே. குதிரையை இழுத்து இழுத்து விடுவாங்களே...”

“அடைச்சதுதானுங்க அது. எங்க தாத்தன் அடைச்சது.”

வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. அறுபது வயதிருக்கும் ஒரு மனிதர், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தார். துப்பாக்கி பார்க்கப் போலீஸ் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர், காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். பெயர் சடையன். பொன்னனின் பேரன். சாமையும் ராகியும் போட்டுக்கொண்டு, பருவத்தில் இதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்க வருபவர்.

“சடையண்ணா, உள்ள வாங்க” என்றார் டீச்சர். அவர் நிலைப்படியோடு நின்றுகொண்டார்.

“பன்னிக்குன்னு அடைச்சு வெச்சிருந்தப்பதான் புடுங்கிட்டுப் போனாங்களாம். எங்கப்பன் சொல்லுவாரு. குப்பனூர் ஆசாரி கிட்ட நெல்லு அளந்து செய்ய வெச்ச துப்பாக்கிங்க. திருடுனதில்லீங்க.”

அந்தக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை அவர் அன்றைக்கும் மறுநாளும் துண்டு துண்டாகத்தான் சொன்னார். ஊரில் அவர்கள் வீட்டுக்குப் பெயர் களவாணி ஊடு. எஸ்டேட்டில் ஒரு மூட்டை காணோம் என்றால் முதலில் அவர்கள் வீட்டு அட்டாலிப் பரணைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் காப்பி மூட்டை திருடு போனது என்று அவர் மகனைக் கூட்டிப்போய் இரண்டு நாள் உட்கார வைத்திருந்தார்கள். மூட்டை வேறு இடத்தில் கிடைத்தது. மகன் வீட்டுக்கு வந்து, பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான்.

மேடம் அவரை நேராகப் பார்த்துக் கேட்டார். “ஏனுங்க, உள்ள என்ன அடைச்சிருக்குதுன்னு இப்பவே சொல்ல முடியுங்களா? தொறக்கறதுக்கு முன்னால?”

சடையன் யோசித்தார். “நாலு ஈயக்குண்டுங்க. வார்த்ததில்லீங்க, வெட்டித் தட்டி உருட்டுனது. அடைப்புக்குக் கூந்தப்பனை மட்டையில சுரண்டுன பஞ்சு. மத்தவங்க துணி வெப்பாங்க. எங்க தாத்தன் வெக்கமாட்டாராம். கட்டறதுக்கே துணியில்லாதப்ப துப்பாக்கிக்குத் துணியான்னு கேப்பாராம்.”

அன்று குழலுக்குள் தண்ணீர் ஊற்றி, மருந்தைச் சாக விட்டு, தோட்டத்துப் பக்கம் வாயைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினோம்.

மறுநாள் நாங்கள் போவதற்கு முன்பே சடையன் வந்துவிட்டார். குழலின் பின்புறம் தீப்பொறிக் கேப்பு மாட்டும் சின்ன முனை துருவில் ஒன்றாகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, காத்திருந்து, திருப்பி, மறுபடி விட்டு, கடைசியில் எடுத்தேன். மை மாதிரி தண்ணீர் சொட்டியது. பிறகு நுனியில் திருகு உள்ள கம்பியை வாய் வழியாக விட்டு மெதுவாகச் சுற்றினேன். கையில் ஏதோ மெத்தென்று பிடித்தது. இழுத்தேன்.

வந்தது துணி இல்லை, காகிதமும் இல்லை. பழுப்பு நிறத்தில், பூனை மயிர் மாதிரி ஒரு சுருள். மேடம் அதைத் தட்டில் வாங்கி, குச்சியால் பிரித்தார். சடையன் எட்டிப் பார்த்தார். “கூந்தப்பனைதானுங்க” என்றார்.

பிறகு குண்டுகள். துப்பாக்கியைச் சாய்த்துத் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கோணல்மாணலாக, தட்டி உருட்டியவை. சடையன் நிமிர்ந்தார். இன்னொரு தடவை தட்டினேன். ஐந்தாவதாக ஒன்று விழுந்தது.

“எங்கப்பன் நாலுன்னுதாங்க சொன்னாரு” என்றார் சடையன், தானே ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி.

“அஞ்சு வந்தா அஞ்சுதாங்க” என்றார் மேடம். எனக்கு அந்த ஐந்தாவது குண்டு பிடித்திருந்தது. சொன்னது அப்படியே வந்திருந்தால் பாடம் பண்ணி வந்து சொன்னாரோ என்று தோன்றியிருக்கும்.

ஆனால் மேடம் அடுத்துச் சொன்னது சடையன் தலையில் இடி மாதிரி இறங்கியிருக்க வேண்டும். “இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. உங்க தாத்தா அடைச்சாருங்கறது சரி. திருடிட்டு வந்திருந்தாலும் இதே மாதிரிதான அடைச்சிருப்பாரு?”

சடையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். கிளம்பிவிட்டார் என்று நினைத்தேன். போகவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

மேடம் ஜோடித் துப்பாக்கிகளை அருகருகே வைத்தார். குதிரை பொருத்திய பக்கத் தகட்டில் இரண்டிலும் ஒரு கிரீடம் இருந்தது. அதனால்தான் எல்லோரும் ஜோடி என்று நம்பியிருந்தார்கள். இடப்பக்கத் துப்பாக்கியில் கிரீடத்தின் கீழே ராணியின் எழுத்துகளும், முன்னால் டவர் என்று லண்டன் ஆயுதக் கிடங்கின் பெயரும் தெளிவாக இருந்தன. வலப்பக்கத்தில் துரு மூடியிருந்தது, கிரீடம் மட்டும் அரைகுறையாகத் தெரிந்தது. வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டு, சுரண்டாமல், வெறுமே தேய்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். சுரண்டினால் துருவோடு முத்திரையும் போய்விடும். தேய்த்தேன். டீச்சர் ஜன்னல் கதவைச் சாத்தினார். மேடம் டார்ச்சைத் தகட்டின் மேல் அடிக்காமல், பக்கத்திலிருந்து படுக்கவாட்டில் பிடித்தார். பள்ளங்களில் நிழல் விழுந்தது.

கிரீடத்தின் பக்கத்தில் ஒரு பாதம் தெரிந்தது. பிறகு பிடரி. பிறகு வால். பின்னங்காலில் நிமிர்ந்து நின்ற ஒரு சிங்கம், இரண்டு முன்னங்கால்களாலும் அந்தக் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“இது ராணி பட்டாளத்துச் சாமானே இல்லீங்க” என்றார் மேடம். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “கிழக்கிந்தியக் கம்பெனிச் சிங்கமுங்க. அவங்க ஆட்சி போனப்புறம் இந்த மாதிரித் தகடெல்லாம் பழைய இரும்புக்கு வித்துச்சு. வேற காலம், வேற பட்டாளம். இது ரெண்டும் ஜோடியா இருக்கவே முடியாது.”

குழலை மரத்திலிருந்து கழற்றினேன். அடியில் சர்க்கார் பரிசோதனை முத்திரை ஒன்றுகூட இல்லை. இரும்புப் பட்டையைச் சுற்றிக் காய்ச்சித் தட்டிய தடம் கயிறு முறுக்கின மாதிரி ஓடியது. மரம் பலா. குழலடியிலும், தகட்டின் உட்புறத்திலும், மரத்தில் தகடு உட்காரும் குழியிலும் ஒரே குறி கொத்தியிருந்தது. நான் ஏதோ கொக்கி என்று நினைத்தேன். டீச்சர் பூதக் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

“இது தமிழ் எழுத்துல ஏழுங்க. பழைய கணக்கு இலக்கம்.”

ஒரு ஆசாரி தான் செய்யும் துப்பாக்கிகளின் பாகங்கள் கலந்துவிடாமல் இருக்கப் போட்டுக்கொண்ட எண். தகடு கம்பெனியிலிருந்து வந்த பழைய இரும்பு, மற்றதெல்லாம் ஒரே கையால் செய்தது. நான் வராந்தாவுக்குப் போய்ச் சடையனைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவர் உள்ளே வந்தார். ஏழு என்ற அந்தக் குறியை விரலால் தடவிப் பார்த்தார்.

டீச்சர் மட்டும் சமாதானமாகவில்லை. கணக்கு டீச்சர் அல்லவா? “இது ஜோடி இல்லை, சரி. அப்ப ஜோடி எங்க? துரை கிட்ட ரெண்டு இருந்ததுன்னு அப்பா சும்மா சொல்லமாட்டாரே. ஒண்ணு காணாமப் போனது நெசந்தானே?”

மேடம், “அதை இந்தத் துப்பாக்கி சொல்லாதுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கச் சொன்னார்.

அடுத்தது என்று மிச்சமிருந்தது ஒன்றுதான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு குட்டைத் துப்பாக்கி. டீச்சர் அதைச் சேகரிப்பில் கணக்கிடவே இல்லை. அவர் அப்பா குரங்கு விரட்ட வைத்திருந்தது, பறவை சுடுகிற மட்டமான சாமான் என்றார். குழலைப் பாதிக்கு மேல் வெட்டியிருந்தார்கள். பின்கட்டைக்குத் தோலில் உறை தைத்து மாட்டியிருந்தது, சுடும்போது தோளில் உதைக்காமல் இருக்க. நீளம் அளக்க வேண்டும் என்றால் உறையைக் கழற்ற வேண்டும். கயிறு இற்றுப்போயிருந்தது. தோல் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வெதுவெதுப்பான தண்ணீர் ஒற்றி ஒற்றி உரித்தேன்.

உள்ளே பித்தளைத் தகடு பச்சை பூத்திருந்தது. துடைத்தேன். 42 என்று வெட்டியிருந்தது.

எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பட்டாளத்தில் அடுக்குச் சட்டத்தில் வைப்பதற்காகப் பின்கட்டையில் எண் போடுவது வழக்கம். அப்புறம்தான் ஜோடி ஞாபகம் வந்தது. சுவரிலிருந்து இறக்கிய இடப்பக்கத் துப்பாக்கியை எடுத்து, பின்கட்டையைத் திருப்பினேன். 41.

இரண்டையும் மேடம் முன்னால் வைத்தேன். அவர் குட்டைத் துப்பாக்கியின் பக்கத் தகட்டைத் துடைத்தார். கிரீடம், ராணியின் எழுத்து, டவர். திருகாணிகளைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான், “இதுதானுங்க ஜோடி” என்றார்.

காணாமல் போன துப்பாக்கி வீட்டை விட்டுப் போகவே இல்லை. யாரோ அதை வெட்டிக் குட்டையாக்கி, உறை மாட்டி, பறவை சுட வைத்திருந்திருக்கிறார்கள். துரையே வெட்டக் கொடுத்து மறந்தாரா, அவர் பிள்ளைகள் யாராவது சொல்லாமல் செய்தார்களா, எல்லாம் தெரிந்துதான் பொன்னனைப் பிடித்தார்களா? இன்று வரை எனக்குத் தெரியாது. மேடம் அறிக்கையிலும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இரும்பும் மரமும் என்ன சொல்கின்றனவோ அதை மட்டும் எழுதினார்.

கிரேஸ் டீச்சர் இரண்டு எண்களையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். அவர் அப்பா பிறப்பதற்கு முன்னால் நடந்த விஷயம் அது. அப்பாவும் கேட்டதைத்தான் சொன்னார். ஆனாலும் டீச்சருக்குத் தாங்கவில்லை.

“வாழ்க்கை பூரா பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தேன். என் ஊட்டுல இருக்கற ரெண்டை எனக்கு எண்ணத் தெரியலியே” என்றார். பிறகு சடையனின் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். “மன்னிச்சுக்கோங்கண்ணா. இந்தக் கதையை நானும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்.”

சடையன் பதறிப்போய், “அய்யோ டீச்சரம்மா, கையை எறக்குங்க” என்றார்.

பொன்னனின் துப்பாக்கியில் குழலின் அடிப்பகுதியில் ஒரு நீள வெடிப்பு இருந்தது. வெல்டிங் வைத்தாலும் தாங்காது. ஒரு வெடி வெடித்தால் சுடுகிறவன் முகம் போய்விடும். எனவே பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருள், உரிமம் தேவையில்லை என்று நான் என் பங்குக்கு எழுதிக் கொடுத்தேன். என் சர்வீஸில் ஒரு துப்பாக்கி உதவாது என்று சந்தோஷமாக எழுதியது அந்த ஒரு தடவைதான்.

உத்தரவு வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. மற்றவற்றை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப்போக நான் மட்டும் ஜீப்பில் போனேன். பொன்னனின் துப்பாக்கியை டீச்சர் தனியாக எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தார். சடையனும் வந்திருந்தார். வெளுத்த வேட்டி, புதுத் துண்டு.

“எடுத்துட்டுப் போங்கண்ணா, உங்களுது” என்றார் டீச்சர்.

அவர் தொடவில்லை. “நான் தனியா தூக்கிட்டுப் போனா, டீச்சரம்மா ஊட்டுல திருடிட்டு வந்துட்டான்னு சொல்லிருவாங்க.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “ஏனுங்க, நீங்க உடுப்போட கூட வருவீங்களா? எங்க தாத்தனைக் கூட்டிட்டுப் போனப்ப ரெண்டு போலீஸு நடுவுல நடந்து போனாருங்களாம். ஊரே வெளிய வந்து பாத்துதாம். திரும்பி வரப்பவும் போலீஸு கூட இருக்கட்டுமுங்க.”

தொப்பியைச் சரி செய்துகொண்டேன். “நானும் வரேன்” என்று டீச்சர் குடையை எடுத்துக்கொண்டார்.

ஜீப் போகும் பாதை இருந்தும் நடந்தே போனோம். அதுதான் சடையனின் விருப்பம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கி, ஓடையைத் தாண்டி, ராகிக் கொல்லை ஓரமாக ஊருக்குள் நுழைந்தோம். நடுப்பகல். சடையன் துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடுவில் நடந்தார். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் டீச்சர். சாமை புடைத்துக்கொண்டிருந்தவர்கள் முறத்தோடு எழுந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சடையனின் நடை மெதுவாகிக்கொண்டே வந்தது.

தெரு முனையில் ஒரு கிழவி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். “ஏனுங்க போலீஸு, இவங்க இப்ப என்னத்தைங்க எடுத்துட்டாங்க?”

கவாத்தில் கூட நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை. “ஒண்ணும் எடுக்கலீங்க. பொன்னனோட துப்பாக்கி பொன்னனோடதுதான். சர்க்காரு பாத்து எழுதிருச்சு. அவங்க சாமானை அவங்க கிட்டயே குடுக்க வந்திருக்கறமுங்க.”

கிழவிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “அப்ப பொன்னன் களவாங்கலியா?”

“இல்லீங்க.”

அவர் சடையனைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு தெருப் பக்கம் திரும்பி, தன் வீட்டுக்குள் இருந்த யாரையோ கூப்பிட்டார். “ஏ புள்ள, வெளிய வா. பொன்னன் களவாங்கலியாமா. வந்து பாரு.”

அடுத்த வாசலில் யாரோ அதைத் திரும்பச் சொன்னார்கள். அதற்கு அடுத்த வாசலிலும் கேட்டது. எங்களுக்கு முன்னால் அந்த வார்த்தை தெருவில் போய்க்கொண்டிருந்தது. சடையன் துப்பாக்கியை ஏந்தியிருந்த கைகளைத் தாழ்த்தி, அதைத் தோளில் சாத்திக்கொண்டார், வேட்டைக்குப் போய்விட்டு வருகிறவர் மாதிரி. நடை வேகமானது. டீச்சரும் நானும் நடையை எட்டிப் போட்டும் அவரைப் பிடிக்க முடியவில்லை.